ஒருநாள் விடுமுறையில் தனுஷ்கோடியும் 'நாயகன்' படமும்: எப்படி வகுத்துக்கொள்வது?

கேள்வி: முதுகுளத்தூர் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தீபாவளி வியாபாரம் முடிந்த பிறகு கிடைக்கும் முதல் விடுமுறை நாளில், கோயம்புத்தூரிலிருந்து என் மைத்துனரும் அவருடைய மகனும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மைத்துனர் நூற்பாலையில் வேலை பார்ப்பவர். மகன் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறான். இருவரும் நம் பக்கத்துக் கடலைப் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் நான் கடை திறக்கும் நேரத்துக்குப் போயாக வேண்டும் என்பதால், காட்ட வேண்டியதை எல்லாம் அந்த ஒரு நாளுக்குள் காட்டியாக வேண்டும்.

பையனுக்கு தாதா படங்கள் என்றால் உயிர். பழைய படங்களையும் விடாமல் கைப்பேசியில் பார்த்து முடித்திருக்கிறான். 1987இல் வந்த 'நாயகன்' இப்போது புதுப்பிக்கப்பட்ட பிரதியாகத் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்திருப்பதால், அதை மட்டும் பெரிய திரையில் பார்த்தே தீர வேண்டும் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டான். எங்கள் ஊரில் மாலைக் காட்சி போடுகிறார்கள். ஆகவே பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு, மாலையில் படம் பார்ப்பது என்பது வரையில் முடிவாகிவிட்டது.

இதில் எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. இராமேஸ்வரம் கோயில், தனுஷ்கோடி, பாம்பன் பாலம், திருப்புல்லாணி, சேதுக்கரை, தேவிபட்டினம், உத்தரகோசமங்கை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? அடுத்தது, என் மனைவி எழுப்பிய கேள்வி. "1964 புயலில் அத்தனை பேர் மாண்ட தனுஷ்கோடி மண்ணைக் காலையில் காட்டிவிட்டு, மாலையில் துப்பாக்கியும் இரத்தமுமாக ஒரு படத்துக்குக் கூட்டிப்போவது அந்தப் பிள்ளையின் மனதில் எப்படிப் பதியும்?" என்று அவள் கேட்கிறாள். கடத்தலும் கொலையும் செய்பவனைக் கொண்டாடும் படங்களில் மகன் மூழ்கிக் கிடக்கிறான் என்ற கவலை மைத்துனருக்கும் இருக்கிறது. படத்தை வேறொரு நாளுக்குத் தள்ளிவிடலாமா, அல்லது இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வதில் ஏதேனும் பொருத்தம் இருக்கிறதா? இந்தக் கரையை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: உச்சிப்புளி கார் ஓட்டுநர்

வணக்கம் அண்ணா. உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். வாடகை வண்டி ஓட்டுபவன் என்பதால் அதுதான் எனக்குத் தெரிந்த பாடம்.

நீங்கள் சொன்ன பட்டியலில் உள்ள இடங்கள் ஒரே திசையில் இல்லை. திருப்புல்லாணியும் சேதுக்கரையும் இராமநாதபுரத்துக்குத் தெற்கே உள்ளன, தேவிபட்டினம் வடக்கே, உத்தரகோசமங்கை தென்மேற்கே, இராமேஸ்வரமோ கிழக்கே 55 கிலோமீட்டர் தள்ளி, தீவுக்குள் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்த்துக் கேட்கும் பயணிகள் எனக்கு நிறைய வருவார்கள். அவர்கள் பார்ப்பதில் பெரும்பகுதி தார்ச்சாலைதான். தீவு என்று முடிவு செய்தால் தீவோடு நின்றுவிடுங்கள். அதிலும் இராமேஸ்வரம் கோயிலை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள் என்பது என் கருத்து. 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈர உடை மாற்றி, வரிசையில் நின்று சுவாமியைத் தரிசித்து, அந்தப் பெரிய பிரகாரத்தைச் சுற்றி வருவதற்கு அரை நாள் வேண்டும். அவசரமாகப் பார்க்க வேண்டிய கோயில் அல்ல அது.

விடிவதற்கு முன்பே புறப்பட்டுவிடுங்கள். வெளிச்சம் வரும் நேரத்தில் பாம்பனை அடைந்தால், 1914இல் திறக்கப்பட்டு இப்போது ரயில் ஓடாத பழைய பாலத்தில் நிற்கும் பகுதியையும், அதன் அருகிலேயே 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தையும் காலை வெயிலில் பார்க்கலாம். பழைய பாலத்தின் தூக்குப் பகுதி, கப்பலுக்கு வழிவிட, கைகளைப் போல இரு பக்கமும் பிரிந்து மேலே எழுந்தது. புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே கிடைமட்டமாக 17 மீட்டர் உயரத்துக்கு ஏறும். 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களைப் பார்த்து நீங்களும் நிறுத்திவிடாதீர்கள். அது தடை செய்யப்பட்டது, ஆபத்தும்கூட. பாம்பன் கரையில் இறங்கிக் கீழே நின்று பார்ப்பதே நல்லது.

அங்கிருந்து நேராக, தனுஷ்கோடிக்கு அப்பால் தீவின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் அந்தத் திறந்த மணலில் நிற்க முடியாது. ஒதுங்குவதற்கு ஒரு மர நிழல்கூடக் கிடையாது. தண்ணீரும் தின்பண்டமும் கையில் இருக்கட்டும். முனையில் பையனைக் கடலில் இறங்க விடாதீர்கள். வடக்கே நாங்கள் பெண் கடல் என்று சொல்லும் பாக் நீரிணைப் பக்கமும், தெற்கே ஆண் கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கமும் அங்கே சேருகின்றன. கரைக்கு மிக அருகிலேயே நீரோட்டம் இழுக்கும். திரும்பும் வழியில் தனுஷ்கோடியின் இடிந்த கட்டடங்களையும் கோதண்டராமர் கோயிலையும் பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடத்தையும் பார்த்துவிட்டுப் பாம்பனில் மீன் குழம்புச் சோறு சாப்பிட்டுப் புறப்பட்டால், பிற்பகல் மூன்று மணிக்குள் வீட்டில் இருக்கலாம். சற்று உறங்கி எழுந்தால்தான் மாலைக் காட்சியில் இரண்டரை மணி நேரம் கண் விழித்திருக்க முடியும்.

இது வாடைக் காற்றின் காலம். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் தனுஷ்கோடிக்குள் வண்டிகளை விட மாட்டார்கள். முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: தங்கச்சிமடம் ஆசிரியை

உங்கள் மனைவி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. நான் மீனவர் வீட்டில் பிறந்தவள் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

படத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் கடற்கரையை முதலில் காட்டுங்கள்; கட்டடங்களோடு நின்றுவிடாமல் மனிதர்களையும் காட்டுங்கள். தாதா படங்களில் கடற்கரை பெரும்பாலும் இரவில்தான் வரும். இருட்டில் ஒரு படகு, கைவிளக்கின் சமிக்ஞை, மணலில் இறங்கும் பெட்டிகள், காத்திருக்கும் லாரி என்று கண்டு பழகிய பிள்ளைக்கு, இரவில் படகேறுகிறவன் என்றாலே கடத்தல்காரன் என்ற எண்ணம் தானாக வந்துவிடும். இங்கே இரவில் படகேறுகிறவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் வலையோடு போகிறவர்கள். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாட்கள், நாட்டுப்படகுக்கு நான்கு நாட்கள் என்று கடலைப் பங்கிட்டுக்கொண்டு, மீன்துறையிடம் டோக்கன் வாங்கித் தொழிலுக்குப் போகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையிலேயே கிடக்கும். போனவர்கள் எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படையினரால் பிடிக்கப்பட்டு, படகும் பறிபோய், வீட்டில் அடுப்பு எரியாத நாட்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடத்தலே இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பையன் நம்பவும் மாட்டான். 2001 முதல் கடல் அட்டை பாதுகாக்கப்பட்ட உயிரினமாக அறிவிக்கப்பட்டு அதைப் பிடிப்பது தடை செய்யப்பட்டது. அதுவரை அதை முறையாகப் பிடித்து விற்று வந்த குடும்பங்கள் திடீரென்று குற்றவாளிகளாக நேர்ந்தது. இலங்கை மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தபோது இங்கிருந்து மஞ்சள் மூட்டைகள் போயின. பீடி இலை போகிறது. தங்கம் வருகிறது, 2023இல் மண்டபத்துக்கு அருகே கடலில் வீசப்பட்ட தங்கத்தை முக்குளித்து எடுத்தார்கள். இவை யாவும் ஒரு தடையையோ ஒரு வரியையோ பின்தொடர்ந்து வருபவை என்பதை அவனுக்குச் சொல்லுங்கள். 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் நீக்கப்பட்டது. அந்தச் சட்டம் நடப்பில் இருந்த ஆண்டுகளில்தான் தங்கம் கடத்துகிறவன் நம் திரைப்படங்களில் பெரிய ஆளாக வலம் வந்தான். 2024 ஜூலையில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைத்தபோதும், கடத்தல் குறையும் என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பிடிபடும்போது சிறைக்குப் போகிறவன், கூலிக்குப் படகோட்டிய எங்கள் ஊர் இளைஞன். அவனுக்குப் பின்னால் இருப்பவரின் பெயர் செய்தியில் வருவதில்லை. தாதா படம் பார்க்கிற பிள்ளை இந்த இளைஞனையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை.

தனுஷ்கோடியில் காலையில் கரைவலை இழுப்பார்கள். நீளக் கயிற்றைத் தோளிலும் இடுப்பிலும் தாங்கி, ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று, காலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடந்து இழுக்கும் வேலை அது. கேட்டால் பையனையும் கயிறு பிடிக்க விடுவார்கள். வலை கரையேறும்போது அத்தனை பேரின் உழைப்புக்கு எவ்வளவு மீன் தேறியது என்பதை அவன் கண்ணால் பார்க்கட்டும். குடிநீருக்காக மணலில் கையால் தோண்டும் ஊற்றையும் காட்டச் சொல்லுங்கள். இரு பக்கமும் உப்புக் கடல் இருக்க, நடுவே நல்ல தண்ணீர் சுரக்கும். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு மனிதர் வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்த இடத்தில், அந்த ஊற்றை நம்பித்தான் அறுபது ஆண்டுகளாகக் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. மாண்டவர்களின் மண் என்று உங்கள் மனைவி சொன்னது உண்மைதான். அது இருப்பவர்களின் மண்ணும்கூட. அவர்களோடு நின்று பேசிவிட்டு வருகிற பிள்ளைக்கு மாலையில் பார்க்கும் படத்தால் கெடுதல் வராது என்று நம்புகிறேன்.

மறுமொழி: கீழக்கரை வாசகர்

தங்கச்சிமடம் சகோதரி எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒரு செய்தியில் மட்டும் மாறுபடுகிறேன். 'நாயகன்' படத்தை நம் கரைக் கடத்தலோடு சேர்த்துப் பார்ப்பதைவிட, ஊரைவிட்டுப் போனவர்களோடு சேர்த்துப் பார்ப்பதே அதற்குப் பொருந்தும். நான் இளமையில் மும்பையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். அதனால்கூட இப்படித் தோன்றலாம்.

படம் தூத்துக்குடியில் தொடங்குகிறது. தந்தையைக் காவல்துறையிடம் இழந்த சிறுவன், அதற்குக் காரணமான அதிகாரியைக் கொன்றுவிட்டு மும்பைக்கு ஓடுகிறான். தாராவியில் அவனை எடுத்து வளர்க்கும் உசேன் பாய், சிறிய அளவில் கடத்தல் செய்து ஏழைகளுக்கு உதவும் முதியவர். அவரும் காவல் நிலையத்தில் கொல்லப்படுகிறார். அதற்குப் பிறகுதான் வேலு நாயக்கர் என்கிற மனிதர் உருவாகிறார். தூத்துக்குடியில் பிறந்து, மும்பை ரயில் நிலையத்தில் சுமை தூக்கி, பின்னர் அந்நகரின் பெரிய தாதாக்களில் ஒருவரான வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவி எழுதப்பட்ட பாத்திரம் அது. வானம் பார்த்த தென் மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காக மும்பைக்குப் போய்த் தாராவியில் தகரக் கொட்டகை போட்டவர்களின் கதைக்கு நடுவே அந்தத் தாதா நிற்கிறார். அவர்களுக்கு மொழி தெரியாது. காவல் நிலையத்தில் பேச ஆள் கிடையாது. குடியிருந்த இடத்தை இடிக்க வந்தால் தடுக்க நாதி கிடையாது. அரசு வராத அந்த இடத்துக்கு ஒரு தாதா வந்து உட்காருகிறார் என்பதை மணிரத்னம் காட்டியது போல நம் மொழியில் அதற்கு முன் யாரும் காட்டியதில்லை என்பேன்.

ஆகவே கார் ஓட்டும் தம்பி சொன்ன பாதையில் ஓரிடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரம் போதாவிட்டால் கலாம் நினைவிடத்தை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாம்பன் பாலத்துக்கு முன்பே வருகிற மண்டபம் முகாம்தான் அந்த இடம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் மக்களை, நோய்த் தடுப்புக்காகச் சில நாட்கள் அடைத்து வைத்திருந்து அனுப்பிய இடம் அது. அதே முகாமில், 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அக்கரையிலிருந்து உயிர் பிழைத்து வந்த தமிழர்களைத் தங்க வைத்தார்கள். உள்ளே போக அனுமதி கிடைக்காது. சாலையில் நின்று சொன்னாலே போதும். தனுஷ்கோடியும் அப்படிப் புறப்பட்டுப் போனவர்களின் ஊர்தான். சென்னை எழும்பூரில் ஏறியவர் 'போட் மெயில்' என்ற ரயிலில் தனுஷ்கோடிக்கு வந்து, கரையிலேயே கப்பலுக்கு மாறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து கொழும்புக்கு ரயில் ஏறுவார். 1964 டிசம்பரில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் துறையையும் சேர்த்துக் கடல் கொண்டுபோன இரவோடு அந்தப் பாதை முடிந்தது. இடிந்த ரயில் நிலையச் சுவரருகே நின்று இதைச் சொல்லிவிட்டு வந்தால், ஒரு சிறுவன் தன்னந்தனியாக மும்பையில் வந்து இறங்கும் காட்சியை உங்கள் மருமகன் வேறு கண்ணோடு பார்ப்பான். எங்கள் கீழக்கரையிலும் வீட்டுக்கு ஒருவராவது கடல் கடந்து போனவர்தான். இந்தக் கரையில் புறப்பாடு இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பையன் தாதாவைக் கொண்டாடுகிறான் என்ற கவலைக்கும் இந்தப் படமே நல்ல மருந்து. வேலு நாயக்கர் மனைவியை இழக்கிறார், மகனை இழக்கிறார், மகள் அவரை வெறுத்து வீட்டைவிட்டுப் போகிறாள். அவர் நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்கும்போது அவரிடம் விடை இல்லை. கடைசியில் அவர் செய்த முதல் பெரிய கொலையின் பயனே அவரைத் தேடி வருகிறது. படம் முடிந்ததும் உடனே அறிவுரை சொல்லத் தொடங்காமல், அவருடைய வன்முறையைப் பற்றி மகள் கேட்ட கேள்விகள் சரியா என்று மட்டும் அவனைக் கேட்கும்படி உங்கள் மைத்துனரிடம் சொல்லுங்கள். பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவையும் தோட்டா தரணியின் அரங்கத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். திரையில் தெரிகிற தாராவியின் பெரும்பகுதி சென்னையில் ஒரு படப்பிடிப்புத் தளத்தில் போட்டது. கமல்ஹாசன், ஸ்ரீராம், தரணி ஆகிய மூவருக்கும் அந்த ஆண்டுக்கான தேசிய விருது இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: முதுகுளத்தூர் வாசகர்

மூவருக்கும் என் நன்றி. மனைவியிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். கரைவலையும் ஊற்றும் உண்டென்றால் தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள். காலையில் மண்டபம், பாம்பன், அரிச்சல்முனை, தனுஷ்கோடி. மாலையில் படம் என்று வைத்துக்கொள்கிறோம். கோயிலுக்கு மைத்துனர் குடும்பத்தோடு தை மாதத்தில் வரட்டும். அப்போது கோதண்டராமர் கோயில் பக்கத்து உப்பங்கழியில் பூநாரைகளும் வந்திருக்கும். இன்னும் இரண்டு விவரங்கள் மட்டும் வேண்டும். பையனுக்கு 16 வயதுதான் ஆகிறது, திரையரங்கில் விடுவார்களா? மழை பிடித்துக்கொண்டால் பகல் பொழுதுக்கு மாற்று வழி ஏதாவது இருக்கிறதா?

மறுமொழி: உச்சிப்புளி கார் ஓட்டுநர்

திரையரங்கின் சுவரொட்டியிலேயே தணிக்கைச் சான்று அச்சிட்டிருக்கும் அண்ணா. 'ஏ' என்றிருந்தால் 18 வயது நிறையாதவரை உள்ளே விடக் கூடாது. பெற்றோர் உடன் வந்தாலும் அதுதான் விதி. 'யுஏ' என்றிருந்தால் அவன் தந்தையோடு வரலாம். இப்போது அதையும் 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். சீட்டு எடுப்பதற்கு முன் ஒருவரை அனுப்பிப் பார்த்துவிடுங்கள்; கோயம்புத்தூரிலிருந்து ஆசையோடு வருகிற பிள்ளையை வாசலில் நிறுத்திவிடக் கூடாது.

மழை பிடித்தால் தீவுக்குப் போகாதீர்கள். இராமநாதபுரம் அரண்மனையில் உள்ள இராமலிங்க விலாசத்தைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் வரைந்த சுவரோவியங்கள் அங்கே உள்ளன. தஞ்சை மராட்டியரோடு நடந்த போரும், சேதுபதி ஐரோப்பியர்களைச் சந்திக்கும் காட்சியும் அவற்றில் இருக்கின்றன. நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும். அப்படியே மதியக் காட்சி இருந்தால் படத்தை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். முந்தைய நாள் மாலையில் நான் பாம்பன் வழியாகத்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன். கூண்டு ஏற்றியிருக்கிறார்களா, காற்று எப்படி இருக்கிறது என்பதை இதே இழையில் எழுதிவிடுகிறேன்.